கேமல் 2-இல் எழுதிய சொந்த அடாப்டர்களை கேமல் 4-க்குக் கொண்டுபோவது எப்படி?

கேள்வி சுருக்கமாக இது: அப்பாச்சி கேமல் 2.24 (வெவ்வேறு சிஸ்டம்களை இணைத்து மெசேஜ்களைக் கடத்தும் ஜாவா லைப்ரரி), ஜாவா 8. சொந்தமாக எழுதிய அடாப்டர்கள் (வெளி சிஸ்டம் ஒன்றோடு பேசும் பகுதி, கேமலின் சொல்லில் காம்பொனன்ட்) பதினொன்று, அவற்றோடு தரவை ஒரு டைப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் சில டைப் கன்வர்ட்டர்கள். இப்போது கேமல் 4-க்குப் போயாக வேண்டும். நேராக 4-க்கே தாவிவிடலாமா? எங்கெங்கே அடி விழும்?

நேராகத் தாவாதீர்கள். இடையில் இரண்டு நிறுத்தங்கள் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஜாவா 8-ஐத் தொடாமல் கேமல் 3.14. அந்த வரிசையில் ஜாவா 8-இல் ஓடும் கடைசிப் பதிப்பு அதுதான், 3.15-இலிருந்து ஜாவா 8 கிடையாது. அடுத்து ஜாவா 17-க்கு மாறி, கேமல் 3.22. கடைசியில் கேமல் 4. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே ஒரு பெரிய விஷயம்தான் மாறுகிறது: முதலாவதில் கேமலின் உள்கட்டமைப்பு, இரண்டாவதில் ஜாவா, மூன்றாவதில் ஜாவாஎக்ஸ் என்று தொடங்கும் பேக்கேஜ் பெயர்கள் ஜகார்த்தா என்று மாறுவது. மூன்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு ஒரு எரர் வந்தால், அது எதனால் வந்தது என்று கண்டுபிடிப்பதிலேயே ஒரு வாரம் போய்விடும்.

கேமல் 2.0 வந்தது 2009-இல், 3.0 வந்தது 2019 நவம்பரில். பத்து வருடம் ஒரே வரிசையில் சேர்ந்ததையெல்லாம் 3-இல் பிரித்துப் போட்டார்கள். அதனால் 2-இலிருந்து 3-க்குப் போவதுதான் பெரிய வேலை. 2023 ஆகஸ்டில் வந்த 4-க்குப் போவது, 3-ஐ ஒழுங்காக முடித்திருந்தால், பெரும்பாலும் பெயர் மாற்றும் வேலைதான்.

வேலையைத் தொடங்குமுன் பதினொன்றையும் ஒரு தாளில் எழுதி, இன்றைய கேமலிலேயே அந்த வேலையைச் செய்யும் காம்பொனன்ட் வந்துவிட்டதா என்று ஒவ்வொன்றுக்கும் பாருங்கள். 2-ஆம் வரிசைக் காலத்தில் வேறு வழியில்லாமல் எழுதிய அடாப்டர்கள் பலவற்றுக்கு இன்று தேவையே இல்லை. மாற்றி எழுதுவதைவிடத் தூக்கிப்போடுவது எப்போதுமே மலிவு.

கம்பைலர் காட்டிக்கொடுக்கும் மாற்றங்கள்

இவற்றை வேகமாகக் கடந்துவிடலாம். எண்ட்பாயிண்ட் என்பது யூஆர்ஐ-யால் குறிக்கப்படும் ஒரு முனை; கன்ஸ்யூமர் அங்கிருந்து மெசேஜை உள்ளே எடுப்பது, புரொட்யூசர் வெளியே அனுப்புவது. டீஃபால்ட்காம்பொனன்ட், டீஃபால்ட்எண்ட்பாயிண்ட், டீஃபால்ட்புரொட்யூசர், டீஃபால்ட்கன்ஸ்யூமர், ஷெட்யூல்ட்போல்கன்ஸ்யூமர் எல்லாம் 2-இல் "இம்பிள்" பேக்கேஜில் இருந்தன. 3-இல் "சப்போர்ட்" பேக்கேஜுக்குப் போய்விட்டன. மேவன் பில்ட் கருவியின் பாம் ஃபைலில் கேமல்-கோர் மொத்தத்தையும் இழுக்காமல் கேமல்-சப்போர்ட் மட்டும் போட்டால் அடாப்டருக்குப் போதும். டெஸ்ட்டுக்கு வேண்டியதை டெஸ்ட் ஸ்கோப்பில் சேருங்கள்.

மெசேஜில் இருந்த ஃபால்ட் மெத்தட்கள் 3-இல் இல்லை. அவற்றைப் பயன்படுத்திய இடங்களில் எக்ஸ்சேஞ்ச்சில் (மெசேஜையும் அதன் பயண விவரங்களையும் சுமக்கும் பொருள்) எக்ஸெப்ஷனை வையுங்கள். கெட்அவுட், செட்அவுட் இரண்டும் இன்னும் இருக்கின்றன, ஆனால் கைவிடப்பட்டவை என்று குறிக்கப்பட்டவை. எல்லாவற்றையும் கெட்மெசேஜ் என்று மாற்றுங்கள். மாற்றும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கெட்அவுட்டைத் தொட்டதும் ஒரு புது மெசேஜ் பிறக்கும், அதில் பழைய ஹெடர்கள் இருக்காது. கெட்மெசேஜில் பழைய ஹெடர்கள் அப்படியே தொடரும். இதுவரை தானாகத் தொலைந்துகொண்டிருந்த ஹெடர்கள் இனி அடுத்த அடாப்டருக்குப் போய்ச் சேரும். அடுத்தது எச்டிடிபி அழைப்பாக இருந்தால், அந்த ஹெடர்கள் வெளி சர்வருக்கே போய்விடக்கூடும். அங்கீகார டோக்கன் எதையாவது ஹெடரில் வைத்திருந்தால், அதை வேலை முடிந்ததும் நீக்கும் வரியைச் சேர்த்துவிடுங்கள்.

மெசேஜ் போகும் வழியை எழுதும் ரூட்களில் காம்பொனன்ட் பெயர்களும் மாறியிருக்கின்றன. எச்டிடிபி4, நெட்டி4, குவார்ட்ஸ்2, மாங்கோடிபி3 என்று எண்ணோடு இருந்தவை 3-இல் எண்ணை உதிர்த்துவிட்டன. சிம்பிள் என்ற கேமலின் சிறு மொழியில் பிராப்பர்ட்டி என்று இருந்தது எக்ஸ்சேஞ்ச்பிராப்பர்ட்டி ஆகிவிட்டது. ஸ்பிரிங் பூட் ஸ்டார்ட்டர்களின் குரூப் ஐடியும் தனியாகப் பிரிந்துவிட்டது. பழைய குரூப் ஐடியிலேயே பதிப்பு எண்ணை மட்டும் உயர்த்திப் பார்த்து, மேவன் எதையும் கண்டுபிடிக்கவில்லையே என்று திகைப்பவர்கள் உண்டு. பதிப்பு எண்களைத் தனித்தனியாக எழுதாமல் கேமலின் பில் ஆஃப் மெட்டீரியல்ஸ் பட்டியலை (ஒன்றுக்கொன்று பொருந்தும் பதிப்பு எண்களின் தொகுப்பு) இறக்குமதி செய்துகொண்டு, ஒவ்வொரு நிறுத்தத்திலும் மேவனின் டிபென்டன்சி ட்ரீயை எடுத்து, பழைய பதிப்பு ஜார் ஒன்றாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தேடுங்கள். நோசச்மெத்தட்எரர் வந்தால் பத்துக்கு ஒன்பது முறை காரணம் அங்கேதான் கிடைக்கும்.

கம்பைலர் வாய் திறக்காத மாற்றங்கள்

உங்கள் நேரத்தை இங்கே செலவிடுங்கள். கம்பைல் ஆகும், யூனிட் டெஸ்ட்டும் பெரும்பாலும் பாஸாகும், ஆனால் நடத்தை மாறியிருக்கும்.

முதலாவது, டைப் கன்வர்ட்டர்கள். கேமல் 2-இல் சர்வீசஸ் ஃபோல்டரில் "டைப்கன்வர்ட்டர்" என்ற ஃபைலில் பேக்கேஜ் பெயரை எழுதிவைத்தால் போதும். கேமல் தொடங்கும்போது அந்த பேக்கேஜை ஸ்கேன் செய்து, கன்வர்ட்டர் அனோட்டேஷன் உள்ள கிளாஸ்களை எடுத்துக்கொள்ளும். 3-இல் இந்த ஸ்கேன் இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கிறது. உங்கள் கன்வர்ட்டர் கிளாஸ் கம்பைல் ஆகும், ஜாரில் இருக்கும், ஆனால் யாரும் அதைக் கூப்பிட மாட்டார்கள். முதல் மெசேஜ் வரும்போதுதான் நோடைப்கன்வர்ஷன்அவைலபிள் எக்ஸெப்ஷன் விழும். அதைவிட மோசம், வேறொரு பொதுவான கன்வர்ட்டர் அந்த வேலையை ஏற்றுக்கொண்டு, நீங்கள் எதிர்பார்க்காத ஸ்ட்ரிங்கைக் கொடுத்துவிடும், எரரே வராது.

தற்காலிகமாக வேலை நடக்க வேண்டுமென்றால் கேமல்கான்டெக்ஸ்ட்டில் செட்லோட்டைப்கன்வர்ட்டர்ஸ் என்பதை ட்ரூ ஆக்கலாம். சரியான வழி, கிளாஸின் கன்வர்ட்டர் அனோட்டேஷனில் ஜெனரேட்லோடர் என்பதை ட்ரூ ஆக்கி, கேமல்-காம்பொனன்ட்-மேவன்-பிளகினைச் சேர்ப்பது. இது 3.1 முதல் உள்ள பெயர், 3.0-இல் வெறும் லோடர். பிளகின் ஒரு லோடர் கிளாஸை உருவாக்கி, "டைப்கன்வர்ட்டர்லோடர்" என்ற ஃபைலில் அதன் பெயரை எழுதிவிடும். ஸ்கேன், ரிஃப்ளெக்ஷன் எதுவும் இல்லை, தொடக்கமும் வேகம்.

இங்கே இன்னொரு கண்ணி இருக்கிறது. எல்லா ஜார்களிலும் அந்த ஃபைலின் பெயர் ஒன்றே. மேவன் ஷேட் பிளகினால் எல்லாவற்றையும் ஒரே ஜாராகக் கட்டினால், ஒரு ஃபைல் மற்றவற்றை மூடிவிடும். ஒரே ஒரு லோடர் மிஞ்சும். ஐடிஇ-யில் ஓடியது சர்வரில் ஓடாது. ஷேட் பிளகினில் அந்த ஃபைலுக்கு அப்பெண்டிங் டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சேரும். கட்டிய ஜாரைத் திறந்து அந்த ஃபைலில் எத்தனை வரி இருக்கிறது என்று கண்ணால் பாருங்கள். ஒரே வரி இருந்தால் பிரச்சினை அதுதான்.

இரண்டாவது, போலிங் அடாப்டர்களின் இடைவெளி. போலிங் என்றால் புதுத் தரவு இருக்கிறதா என்று அவ்வப்போது போய்ப் பார்ப்பது. கேமல் 2-இல் யூஆர்ஐ-யில் "கன்ஸ்யூமர்." என்ற முன்னொட்டோடு டிலே கொடுக்கும் பழக்கம் இருந்தது. 3-இல் அந்த முன்னொட்டு இல்லை. டிலே என்று மட்டும் எழுத வேண்டும். ஸ்டிரிக்டான எண்ட்பாயிண்ட்டில் இது தொடக்கத்திலேயே "பாராமீட்டரை செட் செய்ய முடியவில்லை" என்ற எரரோடு நின்றுவிடும், அது நல்லதுதான். ஆனால் உங்கள் எண்ட்பாயிண்ட் லீனியன்ட்பிராப்பர்ட்டீஸ் ட்ரூ என்று திருப்பித் தருமானால், தெரியாத ஆப்ஷனைப் பற்றி எதுவும் சொல்லாமல் கடந்துபோகும்.

இதே விளைவை வேறு வழியிலும் வரவழைக்கலாம். கிரியேட்கன்ஸ்யூமர் மெத்தடில் கன்ஸ்யூமரை உருவாக்கியபின், திருப்பித் தருமுன், கன்ஃபிகர்கன்ஸ்யூமர் என்ற மெத்தடைக் கூப்பிட வேண்டும். அந்த ஒரு வரி விடுபட்டால் யூஆர்ஐ-யில் எழுதிய டிலே, இனிஷியல்டிலே, பிரிட்ஜ்எரர்ஹாண்ட்லர் எதுவும் கன்ஸ்யூமருக்குப் போய்ச் சேராது. அப்போது இயல்பு மதிப்புகள் வேலை செய்யும்: முதல் தாமதம் 1000 மில்லிசெகண்ட், பிறகு 500 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை. யூஆர்ஐ-யில் 60000 என்று எழுதியிருப்பீர்கள். எதிர்ப்பக்க சர்வரோ நொடிக்கு இருமுறை தட்டப்பட்டுக்கொண்டிருக்கும். அந்தப் பக்கத்தில் நிமிடத்துக்கு இத்தனை அழைப்புதான் என்று வரம்பு வைத்திருந்தால், முதல் நாளே கதவைச் சாத்திவிடுவார்கள். லாகில் போலிங் நடக்கும் நேரங்களைப் பார்த்து இடைவெளியை உறுதிசெய்யுங்கள். யூஆர்ஐ-யில் எழுதியிருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள்.

டூஸ்டார்ட் மெத்தடை ஓவர்ரைட் செய்திருந்தால் சூப்பர் டூஸ்டார்ட் அழைப்பு அங்கே இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாவிட்டால் ஷெட்யூலரே கிளம்பாது, ரூட் மட்டும் "ஸ்டார்ட்டட்" என்று காட்டிக்கொண்டிருக்கும். 3-இல் டூபில்ட், டூஇனிட் என்ற இரண்டு கட்டங்கள் டூஸ்டார்ட்டுக்கு முன்னால் வந்திருக்கின்றன. ஆப்ஷன்களைச் சரிபார்ப்பது, சிறு பொருள்களை உருவாக்குவது போன்றவை டூஇனிட்டில் இருக்கலாம். நெட்வொர்க் இணைப்பைத் திறப்பது டூஸ்டார்ட்டில்தான் இருக்க வேண்டும், மூடுவது டூஸ்டாப்பில். கன்ஸ்ட்ரக்டரில் சாக்கெட் திறக்கும் பழைய அடாப்டர்கள் இருந்தால், இந்தச் சந்தர்ப்பத்திலேயே திருத்திவிடுங்கள்.

மூன்றாவது, எக்ஸ்சேஞ்ச் பிறக்கும் இடம். 2-இல் கன்ஸ்யூமர் தன் எண்ட்பாயிண்ட்டிடம் கிரியேட்எக்ஸ்சேஞ்ச் என்று கேட்டு வாங்கும். 3.9 முதல் கன்ஸ்யூமருக்கே அந்த மெத்தட் வந்துவிட்டது. அதற்கு ஆட்டோரிலீஸ் என்று ஒரு பூலியன் கொடுக்க வேண்டும். ட்ரூ கொடுத்தால் வேலை முடிந்ததும் கேமலே விடுவித்துக்கொள்ளும். ஃபால்ஸ் கொடுத்தால் ஃபைனலி பிளாக்கில் ரிலீஸ்எக்ஸ்சேஞ்ச் கூப்பிடுவது உங்கள் பொறுப்பு. பழைய முறையும் ஓடும் என்பதால் பலர் மாற்றாமல் விட்டுவிடுகிறார்கள். எக்ஸ்சேஞ்ச் பூலிங் (முடிந்த எக்ஸ்சேஞ்ச் பொருளையே மறுபடி பயன்படுத்துவது) இயல்பாக அணைந்தே இருப்பதால் பாதிப்பும் உடனே தெரியாது. ஆனால் அடாப்டர் ஏதாவது ஒரு மேப்பில் எக்ஸ்சேஞ்ச்சைப் பிடித்துவைத்துக்கொண்டு, பதில் வந்தபின் அதைத் தேடி எடுக்கும் வடிவில் எழுதப்பட்டிருந்தால், யாரோ பின்னாளில் பூலிங்கை ஆன் செய்யும்போது ஒருவருடைய தரவு இன்னொருவருடைய மெசேஜில் போய் உட்காரும். இதை இப்போதே களைவதுதான் பாதுகாப்பு: மேப்பில் வேண்டிய ஐடியையும் கால்பேக்கையும் மட்டும் வையுங்கள், வேலை முடிந்ததும் நீக்குங்கள்.

நான்காவது சிறியது, ஆனால் ஆபரேஷன்ஸ் குழு உடனே கேட்கும்: ஓடும் ஜாவா நிரலைக் கண்காணிக்க உதவும் ஜேஎம்எக்ஸ். 3-இல் அது கேமல்-மேனேஜ்மென்ட் என்ற தனி ஜாருக்குப் போய்விட்டது. அதைப் பாம் ஃபைலில் சேர்க்காவிட்டால் ரூட் எல்லாம் ஓடும், கண்காணிப்புத் திரையில் மட்டும் எதுவும் வராது.

பிளகினும் அது எழுதும் ஃபைல்களும்

அதே கேமல்-காம்பொனன்ட்-மேவன்-பிளகின்தான் அடாப்டரின் மற்ற துணை ஃபைல்களையும் உருவாக்குகிறது. கிளாஸின் மேல் காம்பொனன்ட் அனோட்டேஷனில் ஸ்கீமின் (யூஆர்ஐ-யின் தொடக்கச் சொல்) பெயரைக் கொடுத்தால், கேமல் அந்த அடாப்டரைக் கண்டுபிடிக்கும் சர்வீஸ் ஃபைலை அது எழுதும். யூஆர்ஐஎண்ட்பாயிண்ட், யூஆர்ஐபாத், யூஆர்ஐபாரம் அனோட்டேஷன்களைப் பார்த்து கன்ஃபிகரர் கிளாஸ்களை எழுதும். கன்ஃபிகரர் என்பது ஆப்ஷன்களை ரிஃப்ளெக்ஷன் இல்லாமல் நேரடியாக செட்டர் வழியே வைக்கும் கிளாஸ். அது கெட்டரையும் கூப்பிடும். எனவே செட்டர் மட்டும் வைத்திருந்த பழைய ஆப்ஷன்களுக்குக் கெட்டரும் எழுத வேண்டிவரும். இல்லையென்றால் நீங்கள் எழுதாத ஒரு கிளாஸில் கம்பைல் எரர் வரும்.

உருவாகும் ஃபைல்கள் சோர்ஸ் கீழே "ஜெனரேட்டட்" ஃபோல்டருக்குப் போகும். பில்ட்-ஹெல்பர் பிளகினால் அந்த ஃபோல்டரை சோர்ஸ் பாதையில் சேர்த்துவிட்டு, ஃபைல்களை கிட்டிலும் கமிட் செய்யுங்கள் என்பதே என் பரிந்துரை. ஓர் ஆப்ஷனின் பெயரோ இயல்பு மதிப்போ மாறினால் ரிவ்யூவில் அந்த மாற்றம் பளிச்சென்று தெரியும்.

கிரியேட்எண்ட்பாயிண்ட் மெத்தடின் முடிவில் செட்பிராப்பர்ட்டீஸ் என்பதை நீங்களே கூப்பிடுங்கள்; கேமலின் ஆர்க்கிடைப் (புது புராஜெக்ட்டுக்கான வார்ப்புரு) உருவாக்கும் மாதிரி அடாப்டரிலும் அப்படித்தான் இருக்கும். பாஸ்வேர்ட், டோக்கன் போன்ற ஆப்ஷன்களின் யூஆர்ஐபாரம் அனோட்டேஷனில் சீக்ரெட் என்பதையும் ட்ரூ ஆக்கிவிடுங்கள்.

ஜாவா 17, பிறகு ஜகார்த்தா

3.14-இல் எல்லாம் நிலைத்தபின் ஜாவாவை உயர்த்துங்கள். "கிளாஸ் ஃபைல் வெர்ஷன் 61" என்று எரர் வந்தால், 17-இல் கம்பைல் ஆன ஜார் ஒன்றைப் பழைய ஜாவா படிக்க முயல்கிறது என்று அர்த்தம். 8-க்கு எண் 52, 11-க்கு 55. இன்அக்சஸிபிள்ஆப்ஜெக்ட் எக்ஸெப்ஷன் வந்தால், ஏதோ ஒரு பழைய லைப்ரரி ஜாவாவின் உள்கிளாஸ்களை ரிஃப்ளெக்ஷனால் நோண்டுகிறது. ஆட்-ஓப்பன்ஸ் கொடியால் அன்றைக்கு ஓட்டலாம். நிரந்தரத் தீர்வு அந்த லைப்ரரியின் புதுப் பதிப்புதான்.

கேமல் 4-இல் ஜாவாஎக்ஸ் என்று தொடங்கும் பேக்கேஜ்களில் ஒரு பகுதி ஜகார்த்தா ஆகிறது. ஒரு பகுதி மட்டும்தான். எடிட்டரில் எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தேடி மாற்றினால் கோட் நாசமாகிவிடும். ஜேஎம்எஸ் (மெசேஜ் க்யூக்களோடு பேசும் ஏபிஐ), சர்வ்லெட், மெயில், எக்ஸ்எம்எல் பைண்ட், பெர்சிஸ்டன்ஸ் ஆகியவை மாறும். எஸ்க்யூஎல், கிரிப்டோ, நெட் எஸ்எஸ்எல், நேமிங், மேனேஜ்மென்ட், எக்ஸ்எம்எல் பார்சர்ஸ், எக்ஸ்எம்எல் டிரான்ஸ்ஃபார்ம் ஆகியவை ஜாவாவின் பகுதியே என்பதால் மாறாது. வழுக்கும் இடம் டிரான்ஸாக்ஷன்: அந்த பேக்கேஜ் ஜகார்த்தா ஆகும், அதன் கீழே உள்ள எக்ஸ்ஏ துணைப் பேக்கேஜ் மட்டும் ஜாவாஎக்ஸிலேயே இருக்கும். அனோட்டேஷன் பேக்கேஜும் அப்படியே. போஸ்ட்கன்ஸ்ட்ரக்ட் மாறும், அனோட்டேஷன் பிராசஸிங் மாறாது. ஓப்பன்ரீரைட் கருவியின் ஜகார்த்தா ரெசிப்பிக்கு இந்த வேறுபாடு தெரியும். அதை ஓடவிட்டு, மாறிய வரிகளைக் காட்டும் டிஃப்பை ஒருமுறை முழுதாகப் படியுங்கள்.

உங்கள் கோடை மாற்றினால் போதாது, கூட வரும் கிளையண்ட் ஜார்களும் மாற வேண்டும். மெசேஜ் க்யூ சர்வர்களில், ஆக்டிவ்எம்க்யூ கிளாசிக்கில் 5.18-இன் தனி ஜகார்த்தா கிளையண்ட் அல்லது 6, ஆர்ட்டெமிஸில் ஆர்ட்டெமிஸ்-ஜகார்த்தா-கிளையண்ட். வெளி நிறுவனம் கொடுத்த கிளையண்ட் ஜார் இன்னும் பழைய ஜேஎம்எஸ்ஸிலேயே இருந்தால் அந்த ஓர் அடாப்டருக்காக மொத்தப் பயணமும் நிற்கும். எனவே முதல் வாரத்திலேயே கேட்டுவையுங்கள்.

கேமலின் சொந்த ஏபிஐ-யில் அடாப்டர் எழுதுபவர்களைத் தொடும் மாற்றம் அடாப்ட் என்ற மெத்தட் போனது. எக்ஸ்டெண்டட்கேமல்கான்டெக்ஸ்ட்டுக்கு அடாப்ட் செய்த இடங்களில் கெட்கேமல்கான்டெக்ஸ்ட்எக்ஸ்டென்ஷன். எக்ஸ்டெண்டட்எக்ஸ்சேஞ்ச்சுக்கு அடாப்ட் செய்த இடங்களில் கெட்எக்ஸ்சேஞ்ச்எக்ஸ்டென்ஷன். ஜேயூனிட் 4-க்கான கேமல்-டெஸ்ட்டும் 4-இல் இல்லை. 3-இல் இருக்கும்போதே டெஸ்ட்களை கேமல்-டெஸ்ட்-ஜேயூனிட்5-க்கு மாற்றிவிட்டால், டெஸ்ட்டையும் கோடையும் ஒரே நேரத்தில் மாற்றும் ஆபத்து இருக்காது.

மாற்றும் அன்று

சேமிப்பில் உட்கார்ந்திருக்கும் மெசேஜ்களைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பல மெசேஜ்களை ஒன்றாகச் சேர்க்கும் அக்ரிகேட்டருக்கு ஜேடிபிசி அக்ரிகேஷன் ரெப்போசிட்டரி பயன்படுத்தினால், பாதி சேர்ந்த எக்ஸ்சேஞ்ச்கள் டேட்டாபேஸில் ஜாவா சீரியலைசேஷன் வடிவத்தில் கிடக்கும். அவற்றின் கிளாஸ் டீஃபால்ட்எக்ஸ்சேஞ்ச்ஹோல்டர். 2-இல் அது இம்பிள் பேக்கேஜில், 3-இல் சப்போர்ட் பேக்கேஜில். புதுப் பதிப்பால் டேபிளின் பழைய வரிசைகளைப் படிக்க முடியாது, கிளாஸ் கிடைக்கவில்லை என்று விழும். ஜேஎம்எஸ்ஸில் டிரான்ஸ்ஃபர்எக்ஸ்சேஞ்ச் ட்ரூ வைத்திருந்தால் க்யூவில் நிற்பவற்றுக்கும் இதே கதிதான். எனவே உள்ளே வரும் ரூட்களை முதலில் நிறுத்தி, அக்ரிகேட்டர்களும் க்யூக்களும் வடியும்வரை பழைய பதிப்பை ஓடவிட்டு, டேபிள் காலியானதை எண்ணிப் பார்த்தபின் புதியதை ஏற்றுங்கள்.

ஏற்கனவே முடித்தவற்றை நினைவில் வைத்து இரண்டாம் முறை செய்யாமல் தடுக்கும் ஐடம்பொட்டன்ட் ரெப்போசிட்டரிக்கு இதற்கு நேர்மாறான கவனம் வேண்டும். அங்கே பழையதைக் காலி செய்யக் கூடாது, காப்பாற்ற வேண்டும். ஜேடிபிசி வடிவில் கேமல்_மெசேஜ்பிராசஸ்ட் என்ற டேபிளில் பிராசஸர்நேம், மெசேஜ்ஐடி இரண்டும் சேர்ந்துதான் அடையாளம். கோடை ஒழுங்குபடுத்தும் ஆர்வத்தில் பிராசஸர்நேமை மாற்றிவிட்டால், ஏற்கனவே முடிந்த ஃபைல்கள் எல்லாம் கேமலுக்குப் புதிதாகத் தெரியும். பணப் பட்டுவாடா ஃபைல் ஒன்று இரண்டாம் முறை போனால் என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பெயரை எழுத்துப் பிசகாமல் அப்படியே வையுங்கள். ஃபைல் வடிவ ரெப்போசிட்டரி என்றால் அந்த ஃபைலையும் புதிய சர்வருக்கு எடுத்துச்செல்லுங்கள். ஒப்பிட்டுப் பார்க்கலாமே என்று பழையதையும் புதியதையும் ஒரே ஃபோல்டரில் போலிங் செய்ய விடாதீர்கள். ஒப்பிட வேண்டுமென்றால் உள்ளீட்டின் நகலை வேறு ஃபோல்டரில் கொடுத்து, வெளியே அனுப்பும் பக்கத்தில் மாக் எண்ட்பாயிண்ட் (டெஸ்ட்டுக்கான போலி முனை) வையுங்கள்.

பின்வாங்கும் திட்டத்திலும் இதே கணக்கு இருக்கிறது. புதுப் பதிப்பு இரண்டு மணி நேரம் ஓடிவிட்டால் அக்ரிகேஷன் டேபிளில் புது வடிவ வரிசைகள் சேர்ந்திருக்கும், பழைய பதிப்பால் அவற்றைப் படிக்க முடியாது. பழைய ஜாரை மட்டும் திரும்ப வைத்துவிட்டால் பின்வாங்கியதாகாது. உள்வரும் ரூட்களை நிறுத்தி, புதியதையே ஓடவிட்டு வடித்த பிறகுதான் பழையதை ஏற்ற வேண்டும். அதற்கு எவ்வளவு நேரமாகும் என்பதை, உங்கள் அக்ரிகேட்டர்களின் கம்ப்ளீஷன் டைம்அவுட் மதிப்புகளில் மிகப் பெரியதைப் பார்த்து முன்கூட்டியே கணக்கிட்டு, அந்த நேரத்தையும் சேர்த்து மாற்றத்துக்கான கால இடைவெளியைக் கேட்டு வாங்குங்கள்.